மேனுவலுக்கு முன்னால் ஒரு வெற்றுத்தாள்

எங்கள் வீட்டில் அந்த வருஷம் ஒரு ஒப்பந்தம் அமலில் இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டால் நான் அங்கேயே இருக்கலாம். ஆடி முடிவதற்குள் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு பி.எட். சேர வேண்டும். ஒப்பந்தம் போட்டவர் அப்பா. மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிற மனிதருக்கு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்புகிற எந்த வேலையும் சொர்க்கம்தான். டீச்சர் வேலையைப் பற்றிப் பேசும்போது அவர் முகமே மாறிவிடும்.

எனக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் கோபம் எதுவும் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிற பொறுமை இல்லை, அவ்வளவுதான். ஒரு தடவை சொல்வேன். மறு தடவை கத்துவேன். மூன்றாம் தடவை அந்தப் பிள்ளையின் அம்மா வந்து என்னிடம் கத்துவாள். இதையெல்லாம் இப்போதே யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை.

கம்பெனி என்று சொன்னேனே, அது கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு பழைய வீட்டின் மாடி. மொத்தம் மூன்று பேர். முதலாளி, வீராம்பட்டினத்துப் பையன் ஒருவன், நான்.

முதலாளி பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரர். பட்டாளத்தில் இருந்து, அப்புறம் பிரான்சிலேயே ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியில் பென்ஷனோடு ஊருக்குத் திரும்பியவர். அவர் கூடத் திரும்பியவர்கள் எல்லாம் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். இவர் ஒரு யூனிக்ஸ் மெஷின் வாங்கினார். அவர் சம்சாரம் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று கேள்வி. நெற்றியில் விபூதி, கையிடுக்கில் பிரெஞ்சுப் பேப்பர், வாயில் பாதி வாக்கியம் தமிழ், மீதி வேறு. நாங்கள் அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிடுவோம். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது.

வீராம்பட்டினத்துப் பையன்தான் எங்கள் ப்ரோக்ராமர். அப்பா, அண்ணன்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்குப் படகில் ஏறினால் வாந்தி. "கரையில உக்காந்து செய்யற வேலையா பாத்தேன், இதான் கெடச்சுது" என்பான். என்னைவிட ஒரு வருஷம் பெரியவன். நான் அவனை சார் என்பேன், அவன் என்னை மேடம் என்பான். ரெண்டிலும் துளி மரியாதை கிடையாது.

எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை மெட்ராசிலிருந்து. யூனிக்ஸ் மெஷின் விற்கிற ஒரு கம்பெனி, தங்கள் மெஷினோடு சேர்த்துக் கொடுக்கச் சின்னச் சின்னக் கட்டளைகள் எழுதித் தரச் சொன்னது. முதல் கட்டளை, ஒரு ஃப்ளாப்பியில் அடங்காத பெரிய ஃபைலைத் துண்டு போட்டுப் பல ஃப்ளாப்பிகளில் ஏற்றி, மறுபடி ஒட்டித் தருவது. பையன் அதற்கு மூட்டை என்று பெயர் வைத்தான். மெட்ராஸ்காரர்கள் அர்த்தம் கேட்டார்கள், சொன்னோம், சிரித்தார்கள், பெயர் நின்றுவிட்டது.

கட்டளை நன்றாகவே ஓடியது. அதை அவர்கள் ஒத்துக்கொண்டும் விட்டார்கள். பாக்கி இருந்தது மேனுவல் பக்கம். யூனிக்ஸில் ஒவ்வொரு கட்டளைக்கும் மெஷினுக்குள்ளேயே ஒரு விளக்கப் பக்கம் உண்டு. மேன் என்று அடித்து, பக்கத்தில் கட்டளையின் பெயரை அடித்தால் அந்தப் பக்கம் திரையில் வரும். பெயர், எப்படி அடிப்பது, என்ன செய்யும், யார் எழுதியது என்று எல்லாப் பக்கமும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கமும் அதே சட்டையில் வர வேண்டும் என்பது நிபந்தனை. வெள்ளிக்கிழமை மெட்ராசிலிருந்து ஆள் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் வருஷத்துக்கு ஒப்பந்தம். இல்லையென்றால் வந்த பஸ்ஸிலேயே அவர் திரும்பிவிடுவார்.

முசியே என்னைக் கூப்பிட்டு வைத்துச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஒப்பந்தம் வந்தா நீ பெர்மனண்ட். வரலன்னா எனக்கு உன்ன வச்சுக்க வழி இல்லம்மா. அவன் ப்ரோக்ராம் எழுதறான், அவன வச்சுக்கணும்."

"பேஜ் நான்தான முசியே எழுதறேன்."

"அதனாலதான் உங்கிட்ட சொல்றேன்."

பேஜ் எனக்கு வந்த கதை இது. பையன் இங்கிலீஷ் எழுதினால் நீளமான ஒரே வாக்கியமாக எழுதுவான். "உனக்குத்தான் வாய் ஜாஸ்தி, நீயே எழுது" என்று தள்ளிவிட்டான். நானும் கான்வென்ட்டில் படித்த திமிரில் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தை எழுதுவது டைப் அடிப்பது மாதிரி இல்லை. வாக்கியங்களை வரிசையாக அடித்து, நடுநடுவே புள்ளியில் தொடங்கும் உத்தரவுகளைப் போட வேண்டும். புள்ளி போட்டு ஒன்று எழுதினால் தலைப்பு, இன்னொன்று எழுதினால் தடித்த எழுத்து, வேறொன்று எழுதினால் புதுப் பத்தி. மெஷின் இதையெல்லாம் படித்துப் பக்கத்தை அழகாகக் கட்டித் தரும். கட்டித் தருகிறதாகச் சொன்னார்கள்.

முதல் தடவை அச்சடித்தபோது ஒரு வரியைக் காணவில்லை. ஃபைலைத் திறந்தால் இருக்கிறது. தாளில் இல்லை. திறந்து பார்த்தேன், மூடினேன், திட்டினேன், மறுபடி திறந்தேன். கடைசியில் பிடித்தேன். யூனிக்ஸில் சில ஃபைல்களுக்குப் பெயரே புள்ளியில் தொடங்கும். அப்படி ஒரு பெயர் என் வாக்கியத்தில் சரியாக வரியின் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மெஷின் அதையும் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு, புரியாத உத்தரவு என்பதால் வரியையே விழுங்கிவிட்டது. புள்ளிக்கு முன்னால், தாளில் வராத ஒரு குறி போட்டால் சரியாகும் என்று தடிப் புத்தகத்தில் இருந்தது. போட்டேன். வரி திரும்பி வந்தது.

அடுத்தது இன்னும் மோசம். ஒரு வார்த்தையைத் தடிமனாக்கச் சொன்னேன், நிறுத்தச் சொல்ல மறந்தேன். அங்கிருந்து கடைசி வரைக்கும் முழுப் பக்கமும் தடிமன். எங்கள் பிரிண்டர் தடிமன் எழுத்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தித்தான் போடும். அது குத்திய குத்தில் கீழ் வீட்டுக்காரம்மா மாடி ஏறி வந்துவிட்டார்.

"மாடியில இன்னா மாவு மில்லா வச்சிருக்கீங்க?"

"இல்லங்க. மூட்டைக்கு மேனுவல்."

"மூட்ட தூக்கறதுக்குமா புக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். பையன் அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ரிப்பன் கிழிந்துபோனதற்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை, ஏனென்றால் புதிது மாட்டினால் கை கருப்பாவது அவனுக்குத்தான்.

திங்கட்கிழமைக்குள் இதெல்லாம் சரியாகிவிட்டது. பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் வந்து, ஆசையாக இன்னொரு தடவை அச்சடித்தேன். முதலில் ஒரு வெற்றுத்தாள் வந்தது. முழு வெற்று இல்லை. இடது மூலையில் ஒரே ஒரு 2. அதற்குக் கீழே தாள் முடியும் வரை வெள்ளை. அப்புறம் அடுத்த தாளில் என் பக்கம் ஆரம்பித்தது.

திரையில் இன்னும் கேவலம். கட்டளையை அடித்தால் மேலே ஒரு 2 வருகிறது, கீழே இருட்டு. மெஷின் செத்துவிட்டது என்று எவனும் எழுந்து போய்விடுவான். பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் விஷயம் வரும்.

ஃபைலைத் திறந்தேன். தலைப்பு உத்தரவுக்கு மேலே, முதல் வரியில், 2. அந்த வரியில் வேறு எதுவுமே இல்லை. தலைப்புக்கு முன்னால் எந்த எழுத்து வந்தாலும் மெஷின் அதற்கென்று ஒரு தாளை ஒதுக்கிவிட்டு, தலைப்பை அடுத்த தாளில்தான் தொடங்கும். சரி, கை தவறி நானே அடித்திருப்பேன் என்று நினைத்து அழித்தேன். அச்சடித்தேன். சுத்தம்.

புதன்கிழமை காலையில் மறுபடி 2.

"சார், என் ஃபைல தொட்டீங்களா?"

"நான் எதுக்கு தொடறேன்? உன் இங்கிலீஷ படிச்சா எனக்கு தல சுத்துது."

"வெளையாடாத. ஒரு ரெண்டு வருது."

"ரெண்டா? போனா போவுது, ஒண்ண சேத்து மூணாக்கிடு."

அவனைத் திட்டிவிட்டு அழித்தேன். இந்தத் தடவை புத்திசாலித்தனமாக ஒரு காரியமும் செய்தேன். ஃபைலை யாரும் எழுத முடியாதபடி பூட்டி வைத்தேன். படிக்கலாம், மாற்ற முடியாது. எனக்கே மாற்ற வேண்டும் என்றால் பூட்டைத் திறக்க வேண்டும். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். வீட்டில் அப்பா, எந்த ஊர்க் காலேஜில் பி.எட். நன்றாக இருக்கிறது என்று ஒரு வாத்தியாரிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. 2 உள்ளே இருந்தது.

எனக்கு முதுகு சில்லிட்டது என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. மறுநாள் மெட்ராஸ் ஆள் வருகிறார். பூட்டிய ஃபைலுக்குள் புகுந்து ஒற்றை எண்ணைப் போட்டுவிட்டுப் போகிற வேலையை எவன் செய்வான்? ஃபைலைக் கடைசியாக எப்போது தொட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அதிகாலை. நாங்கள் யாரும் வராத நேரம்.

பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இப்போது அவன் முகத்திலும் விளையாட்டு இல்லை.

"பூட்டு போட்ட ஃபைல எழுதணும்னா ரூட்டுதான் முடியும்" என்றான்.

ரூட் என்பது அந்த மெஷினின் எஜமான் கணக்கு. அந்தப் பெயரில் உள்ளே போனால் எந்தப் பூட்டும் பூட்டு இல்லை. அதன் பாஸ்வேர்டு மூன்று பேரில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"முசியேவா?"

"எங்கிட்ட கேக்காத. நான் ஒண்ணும் சொல்லல."

"அவரு இன்னாத்துக்கு என் பேஜ கெடுக்கணும்? ஒப்பந்தம் வரலன்னா அவருக்குத்தான நஷ்டம்?"

"அவருக்கு நஷ்டம். எனக்கு இல்ல. உனக்குத்தான் வாத்தியார் வேல" என்றான். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பான் போல. டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தான்.

நான் முசியேவிடம் கேட்கவில்லை. அன்று அவர் மெட்ராஸ் ஆளைத் தங்க வைக்க இடம் பார்க்க அலைந்துகொண்டிருந்தார். ஃபைலை அழித்துச் சரி செய்தேன். வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிற பெரிசுகள் தவிரத் தெருவில் ஆள் இல்லை. மாடிக் கதவு திறந்திருந்தது. ஊதுவத்தி வாசனை படிக்கட்டு வரை வந்தது.

முசியே குளித்துவிட்டு, ஈரத் தலையோடு என் டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெஷின் மேல் சின்னப் பிள்ளையார் படம், ரெண்டு செம்பருத்தி. ஒற்றை விரலால் கீபோர்டில் ஒரு கீயை மெதுவாக அழுத்தினார். அழுத்திய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரையின் மேல் மூலையில் 2.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளையார் சுழி. கடிதமோ, கணக்கோ, கல்யாணப் பத்திரிகையோ, எதை எழுத ஆரம்பித்தாலும் தாளின் தலையில் உ போட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்து. இங்கிலீஷ் கீபோர்டில் உ கிடையாது. பார்க்க அதற்குக் கிட்டே வருவது 2 ஒன்றுதான்.

"போன்ழூர் முசியே" என்றேன்.

அவர் திரும்பினார். மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்திருக்கப் பார்த்து, முதலாளி என்பது ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"சீக்கிரம் வந்துட்டியேம்மா."

"நீங்கதானா முசியே இத போடறது?"

"தெனமும் போடறேன். மறுநாள் வந்து பாத்தா காணல. மெஷின் சாப்புட்டுடுச்சு போலன்னு மறுபடி போட்டேன்."

"மெஷின் சாப்புடல. நான்தான் அழிச்சேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. நான் சொன்னது அப்படிக் கேட்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளையாரை நாள் தவறாமல் அழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

"தெரியாம அழிச்சேன் முசியே. இது சுழின்னு யாருக்குத் தெரியும்? ஆனா இது இருந்தா முன்னாடி ஒரு வெத்துத் தாள் வருது. மெட்ராஸ்காரரு அத பாத்தா வேணாம்னு சொல்லிட்டு போய்டுவாரு."

"சுழி இல்லாம எப்படிம்மா குடுக்கறது? மொத வேல. மொத மொதல்ல வெளிய போவுது."

"ப்ரோக்ராம்ல போட்டுக்கோங்களேன்."

"போட்டேன். ஓட மாட்டேன்னுடுச்சு. எடுத்துட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த மேனுவல் ஒண்ணுதான் ஒண்ணும் சொல்லாம ஏத்துக்குச்சு."

போன மாதம் முதல் வரியில் பிழை, முதல் வரியில் பிழை என்று ஒரு முழுப் பகல் மெஷின் அழுததும், வீராம்பட்டினத்துப் பையன் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக் கண்ணாடி போட வேண்டுமோ என்று கேட்டதும் இப்போது புரிந்தது. பின்னால் அவனிடம் அதைச் சொன்னபோது அவன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அந்த நேரத்துக்கு அவனும் வந்துவிட்டான். மெட்ராஸ் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. நான் ஒரு வழி சொன்னேன். யூனிக்ஸ் மேனுவல் ஃபைலில் புள்ளி வைத்து, அதற்குப் பக்கத்தில் ரெண்டு குறி போட்டு எழுதினால் அந்த வரி தாளில் வராது. எழுதுகிறவன் தனக்காக வைத்துக்கொள்கிற குறிப்பு அது. அதற்குள் 2 போட்டுவிடலாம். ஃபைலில் சுழி இருக்கும், தாளில் தொந்தரவு இருக்காது. எழுதியும் காட்டினேன்.

முசியே கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது இன்னா, புள்ளையாருக்கு முன்னாடி புள்ளி, கோடு, கொம்பு எல்லாம் நிக்குது?"

"அது உத்தரவு முசியே. அது இருந்தாத்தான் மறையும்."

"மறையணும்னா எதுக்கு போடணும்? அவரு முன்னாடி வரணும்மா. எல்லாத்துக்கும் முன்னாடி. தாள்லயும் தெரியணும்."

"தாள்ல தெரிஞ்சா வெத்துத் தாள் வரும்."

"வரட்டும்."

"வந்தா ஒப்பந்தம் வராது. ஒப்பந்தம் வரலன்னா நான் பி.எட். போவணும். நீங்கதான சொன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். கத்துகிற முதலாளியாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன். இவர் என் வேலைக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் நிஜமாகவே தவித்துக்கொண்டிருந்தார்.

"பேனாவால தாள் மேல எழுதிடலாம்ல?" என்றான் பையன். "பிரிண்ட் வந்த பெறகு."

"வந்த பெறகு போட்டா அது சுழியா?" என்றார் முசியே. அதுவும் சரிதான்.

நான் பிரிண்டர் பக்கம் போய் நின்றேன். பிரிண்டருக்குக் கீழே தாள் பெட்டி. அந்தத் தாள் கடையில் வாங்குகிற தனித்தனித் தாள் இல்லை. பெட்டி முழுக்க ஒரே நீளத் தாள், விசிறி மாதிரி மாறி மாறி மடித்து வைத்திருக்கும், ரெண்டு ஓரமும் ஓட்டை. மடிப்பில் ஊசிப் புள்ளிகள் இருக்கும். அச்சானதும் அந்தப் புள்ளிகளில் கிழித்துத் தனித் தாளாக்கிக்கொள்ள வேண்டியது. அச்சு தொடங்கும் முன்னால், மேல் மடிப்பு நேராக நிற்கவில்லை என்று ஒரு தாளை எப்போதும் சும்மா ஓட்டிக் கழித்துவிடுவோம். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முசியே, இங்க வாங்க."

வந்தார்.

"இந்தப் பெட்டில எத்தன தாள் இருக்கு?"

"நெறைய."

"இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இதோ பாருங்க, எங்கயும் வெட்டல. மேல இருந்து அடி வரைக்கும் ஒரே தாள். கிழிக்கறது நாமதான், அதுவும் கடசியில."

அவர் குனிந்து தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு மடிப்பு, ரெண்டு மடிப்பு, இன்னும் கீழே கையை விட்டுத் துழாவினார்.

"தக்கோர்" என்றார். சரி என்பதற்கு அவர் சொல்கிற வார்த்தை. "ஒரே தாள்தான்."

"அப்ப தாளோட தலை எது? பெட்டி பிரிச்சதும் வர்ற மொத மடிப்புதான? அதுல நீங்க கையால மஞ்சள் தொட்டு சுழி போடுங்க. நெஜ உ. ரெண்டு இல்ல. அதுக்கு அப்பறம் இந்தப் பெட்டில எத அச்சடிச்சாலும் சுழிக்கு அப்பறம்தான் வருது."

பையன் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

முசியே நிமிர்ந்து யோசித்தார். பிரான்சில் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்த மூளை. எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புதுப் பெட்டி பிரிச்சா?"

"புதுப் பெட்டிக்குப் புதுசா போடணும். நீங்கதான் பிரிக்கணும். நாங்க தொட மாட்டோம்."

அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெட்டி பிரிக்கிற உரிமை. ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அவரே ஓரமாகத் தள்ளினார், உள்ளறையிலிருந்து புதுப் பெட்டியைத் தூக்கிவந்தார். வீட்டுக்குப் போய் மஞ்சளும் கொண்டுவந்தார். முதல் மடிப்பில், நிறுத்தி நிதானமாக, வளைவு கெடாமல் ஒரு உ போட்டார். அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு டெர்மினலுக்கு வந்து, தான் போட்ட 2-ஐத் தானே அழித்துவிட்டு நாற்காலியை எனக்குத் தந்தார்.

மெட்ராஸ்காரர் பதினொரு மணி வாக்கில் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. காபி வேண்டாம் என்றார், ஃபேன் வேண்டாம் என்றார், நேராக உட்கார்ந்து மேன் மூட்டை என்று அடித்தார். தலைப்பு முதல் வரியிலேயே வந்து நின்றது. நான் மூச்சு விட்டேன்.

அவர் கடைசி வரைக்கும் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். தாளில் வேண்டும் என்றார். பிரிண்டர் குத்த ஆரம்பித்தது. வெளியே வந்த தாளின் முன்மடிப்பில் மஞ்சளைப் பார்த்து, "பேப்பருக்கே பூஜையா?" என்றார்.

"மொத வேல சார்" என்றார் முசியே.

"நல்லது" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் தாளை மரியாதையாக முசியேவிடமே கொடுத்தார். எங்கள் பக்கத்தை மட்டும் கிழித்து மேஜையில் வைத்தார். சிவப்புப் பேனா வெளியே வந்தது. ஒரு இடத்தில் சின்ன வட்டம் போட்டார்.

"இந்தக் கமா தடியா இருக்கே."

நான் குனிந்து பார்த்தேன். மூட்டை என்ற பெயர் தடித்த எழுத்தில் இருந்தது, அது சரி. அதை ஒட்டி வந்த கமாவும் தடித்துப் போயிருந்தது. பெயர் மட்டும்தான் தடிக்க வேண்டும். கமா ஒல்லியாக இருக்க வேண்டும். அதை மனிதக் கண்ணால் பார்க்க முடியும் என்றே எனக்குத் தெரியாது.

"சார், கமாவ யாரு சார் பாப்பாங்க?"

பையன் என் பின்னால் இருந்து இருமினான். முசியே கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் பாத்தேன்ல" என்றார் மெட்ராஸ்காரர். கோபம் எல்லாம் இல்லை, நிஜமாகவே சொன்னார். "நாளைக்கு இத நூறு பேரு மெஷின்ல வச்சிருப்பான். அதுல ஒருத்தன் என்ன மாதிரி இருப்பான். மாத்தத் தெரியுமா?"

"தெரியும்."

தெரியாது. ஆனால் அந்த இடத்தில் தெரியாது என்று சொல்ல நான் பைத்தியமா? உட்கார்ந்தேன். தடிமனுக்கு ஒரு உத்தரவு, சாதாரணத்துக்கு ஒரு உத்தரவு தெரியும். ரெண்டையும் ஒரே வரியில் மாற்றி மாற்றிப் போடுகிற உத்தரவு ஒன்றைத் தடிப் புத்தகத்தில் எங்கோ பார்த்த ஞாபகம். ரெண்டு உத்தரவின் எழுத்தையும் சேர்த்து எழுத வேண்டும், பெயருக்கும் கமாவுக்கும் நடுவில் இடம் விட வேண்டும், ஆனால் தாளில் அந்த இடம் வராது. அடித்தேன். மறுபடி அச்சடித்தேன். அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். நானும் எதிரிலிருந்து, வெளிச்சத்துக்கு எதிராகத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கமா ஒல்லியாகிவிட்டிருந்தது.

"மத்த எடத்துல எல்லாம் இதே மாதிரி இருக்கு. அதையும் மாத்திடுங்க" என்றார். "மாத்தி அனுப்பினாப் போதும். நான் மறுபடி வர வேண்டியது இல்ல."

அது ஒப்பந்தம் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பையன் என் நாற்காலியை ஒரு உதை விட்டான். முசியே அவரைச் சாப்பிட அழைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது, பாதிப் படியில் நின்று திரும்பினார்.

"ஒண்ணாந்தேதியிலேருந்து நீ பெர்மனண்ட். கமாவ எல்லாம் முடிச்சுட்டு போ."

முடித்தேன். ஒவ்வொரு பெயரையும் ஒட்டிக்கொண்டிருந்த கமாவையும் முற்றுப்புள்ளியையும் பிரித்துப் பிரித்து ஒல்லியாக்கி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. பையன் கூடவே உட்கார்ந்து, விட்டுப்போனதை எல்லாம் விரலால் காட்டினான். "மேடம், இங்க ஒரு குண்டு கமா." "மேடம், இது இன்னா, நல்லா சாப்பிட்ட முற்றுப்புள்ளி." அவன் பெயர் பக்கத்தின் அடியில், எழுதியவர் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அதை மட்டும் அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். என் பெயர் அதில் கிடையாது. மேனுவல் எழுதுகிறவர்கள் பெயரைப் போடுகிற வழக்கம் இல்லையாம். போகட்டும், எனக்குச் சம்பளம் வரும்.

சைக்கிளை மில் கேட்டுக்கு மிதித்தேன். அப்பாவுக்கு அன்று ராத்திரி ஷிப்ட். கேட்டுக்கு எதிர் டீக்கடையில், கூட வேலை பார்க்கிற ரெண்டு பேரோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"வீட்டுல யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. பெர்மனண்ட் ஆயிட்டேன்."

அவர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியார்கிட்ட சொல்லி வச்சுட்டேனேம்மா."

"வேணாம்னு சொல்லிடு. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்."

"அங்க உனக்கு இன்னாதான் வேல? ஒரு நாளும் வெளங்கற மாதிரி சொன்னது இல்ல."

"இன்னிக்கு கமாவ ஒல்லியாக்கினேன்."

என் முகத்தைப் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறேனா என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும் இன்னும் குழம்பிவிட்டார்.

"அதுக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கறானா?"

"குடுக்கறாரு. மெட்ராஸ்லேருந்து ஆளு வந்து பாத்துட்டு போயிருக்காரு."

மெட்ராஸ் என்றதும் அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். அதற்குள் மில் சங்கு ஊதியது. அவர் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, டிபன் தூக்கை எடுக்கத் திரும்பி ஓடினார்.

"உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டா" என்று ரோட்டின் நடுவிலிருந்து சொன்னார்.

கேட்டுக்குள் கூட்டத்தோடு நுழையும்போது பக்கத்தில் வந்தவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். சங்குச் சத்தம் அடங்கிய நேரம் அது, அப்பாவின் பதில் இந்தப் பக்கம் வரை தெளிவாகக் கேட்டது.

"எம் பொண்ணுதான். கம்ப்யூட்டர்ல வேல. கமா எல்லாம் அவ பொறுப்பு."